வாசலில் காத்திருக்கும் பார்சல்

கைத்தறி நெசவாளரும் நிலத்தில் பாடுபடும் விவசாயியும் தம் பொருளைச் சந்தையிலும் சங்கத்திலும் மட்டுமே விற்று வந்த காலம் மாறிவிட்டது. சங்கத்தில் நூல் பெற்று நெய்து கூலி வாங்குவது ஒருபுறம் இருக்க, சொந்த நூலில் நெய்த சேலையையோ, சொந்தக் காட்டில் விளைந்து அரைத்த மஞ்சள் தூளையோ கைப்பேசியில் படமெடுத்துக் காட்டி, புனேயிலும் தில்லியிலும் இருப்பவர்களுக்கு விற்கும் அங்கத்தினர் பலர் இன்று நம் சங்கங்களில் இருக்கின்றனர். விலை பேசுவது எளிதாகிவிட்டது. பணம் வந்து சேர்வதும் 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை வந்தபின் எளிதாகிவிட்டது. எளிதாகாமல் நிற்பது ஒன்றுதான்: விற்ற பொருள் வீட்டை விட்டுப் புறப்படுவது.

ஆய்வுக்காக நாம் செல்லும் ஊர்களில் அண்மையில் அடிக்கடி காதில் விழும் குறை இதுவே. "இன்று வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று செய்தி அனுப்பினார்கள், மாலைவரை யாரும் வரவில்லை. நாளை என்றார்கள், நாளையும் வரவில்லை." பார்சல் கட்டி, முகவரி ஒட்டி, திண்ணையில் வைத்துவிட்டு, தறியில் இறங்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு ஒரு பகல் கழிகின்றது. அரைநாள் தறி நின்றால் அரைநாள் கூலி போயிற்று. அது சிறிய நஷ்டம். முகூர்த்தச் சேலை முகூர்த்தம் முடிந்தபின் போய்ச் சேர்ந்தால் சேலையும் திரும்பி வரும், பணத்தையும் திருப்பித் தரவேண்டியிருக்கும், அந்த வாடிக்கையாளரும் அவர் சொல்லி வரக்கூடிய பத்துப் பேரும் நமக்கு இல்லையென்றாகும். பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சேலையொன்றில் நெசவாளர் குடும்பத்தின் ஒரு மாத உழைப்பு அடங்கியிருக்கக் கூடும் என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இக்குறைக்கு எளிய பரிகாரம் யாரையேனும் ஏசுவதாகும். அதனால் பார்சல் நகராது. எடுத்துச்செல்ல வருகிறவர் ஏன் வராமற் போகிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

கிராமங்களில் தபால் வேலை நடப்பது பெரும்பாலும் கிளை அஞ்சலகங்களின் வழியாக. அங்கு வேலை செய்யும் கிராம அஞ்சல் ஊழியர்களுக்கு வேலை நேரம் நாளொன்றுக்கு 4 அல்லது 5 மணி என்றே கணக்கிடப்பட்டுள்ளது. அந்த நேரத்திற்குள் மேலிருந்து வந்த பையைப் பிரிக்க வேண்டும். கடிதங்களை வீடுவீடாகச் சேர்க்க வேண்டும். சேமிப்புக் கணக்குப் பணம் வாங்கவும் கொடுக்கவும் வேண்டும். குறித்த வேளையில் தபால் பையைக் கட்டித் துணை அஞ்சலகத்துக்கு அனுப்பவும் வேண்டும். பை பொதுவாக நாளுக்கு ஒரு முறையே புறப்படும். அது துணை அஞ்சலகம் சென்று, அங்கிருந்து வண்டியேறிப் பிரிப்பகத்தை அடைந்து, பிறகே இரயிலுக்கோ லாரிக்கோ விமானத்துக்கோ போகும். நம் வீட்டுப் பார்சலை எடுக்க ஒருவர் பிற்பகல் 3 மணிக்கு மனமுவந்து வந்தாலும், பை 2 மணிக்கே கட்டியாகிவிட்டிருந்தால் அது மறுநாள் வரை அஞ்சலகத்திலேயே படுத்திருக்கும். மறுநாள் ஞாயிறாயின் இரண்டு நாள். எனவே 'வந்தாரா, வரவில்லையா' என்பதைக் காட்டிலும் 'பை கட்டும் முன் வந்தாரா' என்பதே முக்கியமான கேள்வியாகும்.

தனியார் கூரியர் நிறுவனங்களின் நிலை வேறு வகையானது. நகரத்தில் ஒரே தெருவில் இருபது பார்சல் எடுக்கும் ஊழியருக்கு, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் ஒற்றைப் பார்சல் எடுப்பது பெட்ரோல் செலவுக்கும் கட்டாது. அன்றைய சுற்றில் நேரம் போதவில்லையென்றால் அவர் முதலில் விடுவது அந்த ஊரைத்தான். சில வேளைகளில் வராமலேயே 'வீடு பூட்டியிருந்தது' என்று கருவியில் பதிந்துவிடுவதும் உண்டு. அவ்வாறு இரண்டு மூன்று முறை பதிவானால் எடுக்கும் உத்தரவு தானே ரத்தாகிவிடும். நாள் முழுதும் வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு 'வீடு பூட்டியிருந்தது' என்ற செய்தி வருவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. ஆனால் ஒற்றைப் பார்சலுக்காக ஒருவர் வருவது அவருக்குக் கட்டுப்படியாகாத வரையில், நாம் எத்தனை முறை தொலைபேசியில் கூப்பிட்டாலும் நிலைமை அதிகம் மாறாது. இதை மனத்தில் கொள்க. பின்னால் நாம் சொல்லப்போகும் யோசனை இதன்மீதே நிற்கின்றது.

இப்பொழுது சட்டத்தின் பக்கம் சற்றே பார்ப்போம். எந்தக் கணத்தில் பார்சல் நம் பொறுப்பிலிருந்து நீங்குகிறது? லேபிள் அச்சிட்டபோதா, எடுக்கும்படி இணையத்தில் பதிந்தபோதா, ஒருவர் வந்து கையில் வாங்கியபோதா, ரசீது கொடுத்தபோதா?

1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இங்கே நமக்கு வழி காட்டுகின்றது. வாங்குபவருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் பேரில் விற்பவர் சரக்கைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்தால், மாறாக எதுவும் காட்டப்படாத வரை, அது வாங்குபவரிடமே ஒப்படைத்ததாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். கொண்டுசெல்பவரோடு செய்துகொள்ளும் ஏற்பாடு, சரக்கின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாடாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. விற்பவரும் வாங்குபவரும் வேறுவிதமாகப் பேசியிருந்தால் அப்பேச்சே செல்லும். இணையக் கடைகளின் வழி விற்போர்க்கு அக்கடையின் விதிகளும் உண்டு. அவை பெரும்பாலும் வாங்குபவர் கையில் சேரும்வரை விற்பவரையே பிடித்துக்கொள்ளும். எப்படியாயினும், ஒப்படைப்பு என்ற ஒன்று நடந்தே ஆக வேண்டும். திண்ணையில் இருக்கும் பார்சல் ஒப்படைக்கப்பட்ட பார்சல் அன்று. அதை மழை நனைத்தாலும், நாய் இழுத்தாலும், வழிப்போக்கன் தூக்கிக்கொண்டு போனாலும் நஷ்டம் நம்முடையதே. 'எடுத்துக்கொள்கிறோம்' என்று வந்த குறுஞ்செய்தியை எவரும் ரசீதாக ஏற்கமாட்டார்.

இதிலிருந்து வரும் முதற் கட்டளை: ரசீது கையில் வரும்வரை 'அனுப்பிவிட்டேன்' என்று வாங்குபவருக்குச் சொல்லற்க. பல இணையக் கடைகளில் நாம் லேபிள் அச்சிட்ட உடனே வாங்குபவருக்குத் தானாகவே செய்தி போய்விடுகிறது. மூன்று நாளாகியும் எண் அசையாமல் இருப்பதைக் கண்டு, 'இவர் பொய் சொல்கிறார்' என்று அவர் முடிவுகட்டுகிறார். அனுப்ப முடிகிற நாளில் மட்டும் லேபிள் அச்சிடுவது இதற்குப் போதுமான மருந்து. தபால் பொருளின் எண் 13 இடங்கள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவே 9 இலக்கம், கடைசியில் ஐ.என். என்ற நாட்டுக் குறி. அவ்வெண்ணைப் படமெடுத்து அனுப்புவதற்கு முன், அஞ்சலகத்தில் ஏற்றுக்கொண்டதாக அது இணையத்தில் காட்டுகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புவது நலம்.

எடுத்துச்செல்ல வருகிறவர் அங்கேயே ரசீது தருவாராயின் மிக நன்று. பல இடங்களில் அவ்வாறு நடப்பதில்லை. அவர் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு போய் அலுவலகத்தில் பதிந்து, ரசீதை அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறார். இடையில் ஒரு பொட்டலம் காணாமற் போனால், கொடுத்ததற்கு அத்தாட்சி என்ன? அலுவலகங்களில் 'பியூன் புத்தகம்' என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதுபோல் நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்றை வாசற்படியருகே வைத்துக்கொண்டு, தேதி, மணி, பொட்டலத்தின் எண், யாருக்கு, எடை என்று எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்துப் பெறுக. முகம் சுளிப்பவர் சிலர் இருப்பர். நான்கு நாளில் பழகிவிடும். உண்மையில் நேர்மையான ஊழியருக்கும் அக்கையெழுத்து ஒரு பாதுகாப்பே. அவர்மேல் வீண் பழி விழாது.

பொருள் தொலைந்தால் யார் ஈடு தருவார் என்பதில் நம்மவரிடையே பெருத்த நம்பிக்கையொன்று இருக்கின்றது, அது ஆதாரமற்றது. 1898-ஆம் ஆண்டுத் தபால் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, இழப்புக்கும் தாமதத்துக்கும் சேதத்துக்கும் அரசைப் பொறுப்பிலிருந்து விலக்கியிருந்தது. அச்சட்டத்துக்குப் பதிலாக வந்து 2024 ஜூன் 18 முதல் நடைமுறையிலுள்ள 2023-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 10-ஆம் பிரிவும், குறிப்பிட்ட சேவைக்கென விதிகளில் சொல்லப்பட்ட அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்றே கூறுகிறது. அந்த அளவு சேலையின் விலையைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதன்று. தனியார் நிறுவனங்களும் ரசீதின் பின்புறத்துப் பொடியெழுத்தில் தம் பொறுப்புக்கு ஓர் எல்லை கட்டியிருக்கும். படித்துப் பார்த்தவர் சிலரே. ஆகவே விலையுயர்ந்த பட்டை அனுப்புகிறவர் காப்பீடு செய்தே அனுப்ப வேண்டும். இருநூறு ரூபாய்த் துண்டுக்கு அது தேவையில்லை.

2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது என்பதையும் அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டும். 'ரிஜிஸ்டர் செய்து அனுப்பு' என்று கேட்கும் பழைய வாடிக்கையாளர் இன்னும் உளர். அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி, விரைவுத் தபாலோடு பொருளொன்றுக்கு 5 ரூபாயும் அதற்குரிய வரியும் கூடுதலாகச் செலுத்தினால் பதிவுச் சேவை கிடைக்கும். அதேபோல் இன்னொரு 5 ரூபாயும் வரியும் செலுத்தினால் வாங்குபவர் தம் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைச் சொன்ன பிறகே பொருள் ஒப்படைக்கப்படும். பட்டுச் சேலைக்கு இந்தச் சில ரூபாயில் சிக்கனம் பார்ப்பது சரியன்று.

இனி நம் யோசனைக்கு வருவோம். வீட்டுக்கு வீடு வந்து எடுப்பது கொண்டுசெல்பவருக்குக் கட்டவில்லை. வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பது நெசவாளருக்குக் கட்டவில்லை. இந்த இரண்டு கட்டாமைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு சங்கக் கட்டடம் இருக்கின்றது. அதில் ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு பூட்டும் அலமாரி, ஒரு பதிவேடு வைத்துவிட்டால் போதும். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் என்று கொள்வோம், காலை 11 மணிக்குள் அங்கத்தினர் தம் பார்சல்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். சங்கத்தின் ஆள் ஒருவர் அவற்றை எடுத்துக்கொண்டு, பை கட்டும் முன்பே துணை அஞ்சலகத்துக்குப் போய்ப் பதிந்து, ரசீதுகளோடு திரும்ப வேண்டும்.

செலவை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது பார்சலுக்கு ஆட்டோவும் ஆள் செலவுமாக 300 ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொண்டால், பார்சலுக்கு 15 ரூபாய். தனியே ஒருவர் பஸ் ஏறிப் போய்வர ஆகும் செலவும் இழக்கும் அரைநாள் கூலியும் இதைப்போல் பல மடங்கு. ஐந்து பார்சல் மட்டுமே வரும் வாரங்களில் தலைக்கு 60 ரூபாயாகுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஒரு நாளே போதும் என்பது நம் அபிப்பிராயம். நாள் குறைவாயினும் தவறாது நடக்க வேண்டும். வாரம் ஒருநாள் நிச்சயமாகப் புறப்படும் பார்சல், தினமும் புறப்படலாம் என்று நம்பிக் காத்திருக்கும் பார்சலைவிட முன்னதாகப் போய்ச் சேரும். வாங்குபவருக்கும் முன்கூட்டியே நாள் சொல்லிவிடலாம்.

இன்னோர் அனுகூலமும் இதில் உண்டு. இருபது பார்சல் ஒரே இடத்தில் இருந்தால், முன்பு வராதவர் இப்போது வரத் தொடங்குவார். மொத்தமாக அனுப்புவோரிடத்துக்கு நேரே வந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு தபால் துறையிலும் உண்டு, தனியாரிடமும் உண்டு. தங்கள் ஊருக்கு அது கிடைக்குமா, எத்தனை பார்சல் இருக்க வேண்டும் என்பதைச் சங்கத்தின் பெயரில் எழுதிக் கேட்க வேண்டும். தனி ஒருவர் வாயால் கேட்பதற்கும், முந்தின மூன்று மாதப் பதிவேட்டின் நகலை இணைத்துச் சங்கம் கேட்பதற்கும் வேறுபாடு இருக்கின்றது. விரைவுத் தபாலில் புதிதாகச் சேரும் மொத்த வாடிக்கையாளருக்கு 5 சதவீதத் தள்ளுபடி உண்டென்றும் 2025-இல் அறிவிக்கப்பட்டது. அதையும் விசாரித்துப் பெறுக.

இதனை நடத்தும் முறையில் சில எச்சரிக்கைகள் சொல்ல வேண்டியிருக்கின்றது. கணக்குப் புத்தகங்களைப் புரட்டும் வேலை நம்முடையதாகையால் இவற்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தச் சேவை காரியதரிசியின் சட்டைப்பையிலிருந்து நடக்கக் கூடாது. நல்ல மனத்தோடு, 'நானே கட்டிவிடுகிறேன், பிறகு கொடுங்கள்' என்று தொடங்கும் காரியங்களே பின்னர் மனக்கசப்பில் முடிகின்றன. நிர்வாகக் குழுவில் தீர்மானம் இயற்றி, சேவைக் கட்டணம் இவ்வளவு என்று வரையறுத்து, ஒவ்வொரு பார்சலுக்கும் தபால் கட்டணம் தனி, சேவைக் கட்டணம் தனி என்று இரசீது கொடுக்க வேண்டும். சங்கத்தின் துணைவிதிகள் இத்தகைய சேவைக்கு இடம் தருகின்றனவா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். அங்கத்தினர் முன்பணம் கட்டி வைத்தால் அதற்குத் தனிப் பேரேடு வேண்டும். தொலைந்த பார்சலுக்காக வரும் ஈட்டுத் தொகை யாருடையது என்று தெரியாமல் அனாமத்துக் கணக்கில் ஆண்டுக்கணக்காகக் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். பதிவேட்டில் பார்சல் எண்ணுக்கு நேரே உரியவரின் அங்கத்தினர் எண்ணையும் எழுதிவிட்டால் அக்குழப்பமே எழாது.

சங்கத்தின் மேசையிலிருந்து அஞ்சலகம் வரை பார்சலுக்கு யார் பொறுப்பு என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். சங்கமே பொறுப்பு என்பதே சரி. அதற்காகத்தானே கட்டணம் வாங்குகிறோம். அஞ்சலகம் ஏற்றுக்கொண்ட பின் நேர்வதற்குச் சங்கம் பொறுப்பேற்க இயலாது. புகார் எழுதித் தருவதும், அதைத் தொடர்ந்து கவனிப்பதும் சங்கம் செய்யக்கூடியவை.

இதில் எழும் சங்கடம் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. உற்பத்திச் சங்கத்தில் நூல் பெற்று நெய்யும் அங்கத்தினர், அந்த நூலில் நெய்ததைச் சங்கத்துக்கே தர வேண்டியவர். பார்சல் மேசை வந்தால் சங்கத்துச் சேலையே அதன் வழி வெளியே போய்விடும் என்று சில நிர்வாகிகள் அஞ்சுகின்றனர். மேசை இல்லாவிட்டாலும் போகிறவை போகத்தான் செய்யும். சங்கத்தில் பதிவேடு இருக்குமானால் எது யாருடைய சரக்கு என்பதாவது வெளிச்சத்தில் நடக்கும். சொந்த நூலில் நெய்தது என்று அங்கத்தினர் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதை நிபந்தனையாக்குக. சங்கமே தன் கையிருப்புச் சேலைகளை அதே மேசையின் வழி வெளியூருக்கு விற்கத் தொடங்குமானால், தேங்கிக் கிடக்கும் சரக்கும் சற்றுக் குறையும்.

கட்டும் முறையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. துணியை மடிக்க நெசவாளருக்கு யார் கற்றுத்தருவது? இரண்டொன்று மட்டும். கூரியர் நிறுவனங்கள் பல, பொட்டலத்தின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதையும் எடையாகக் கொள்ளும். அசல் எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். முக்கால் கிலோப் பட்டுச் சேலையை 45, 30, 10 அளவுள்ள பெட்டியில் வைத்தால் கணக்கு 2.7 கிலோ. அதையே 40, 30, 5 அளவுள்ள பெட்டியில் வைத்தால் 1.2 கிலோ. வெற்றிடத்துக்குக் கூலி கொடுப்பானேன்! சரிகையுள்ள சேலையில் குண்டூசி குத்தாமல், மடிப்புக்கிடையே மெல்லிய வெள்ளைத் துணியோ காகிதமோ வைத்து, அதன்மேல் நீர்புகா உறையிட்டு, பிறகு பெட்டியில் இடுக. உள்ளேயும் ஒரு சீட்டில் இரு முகவரிகளையும் எழுதிவைக்கத் தவறாதீர்கள். வெளி லேபிள் கிழிந்த பார்சலுக்கு அதுவே வாய்.

முகவரியில் 6 இலக்கப் பின்கோடு முக்கியம். 1972-இல் அது வந்ததிலிருந்து பொட்டலம் எப்பக்கம் போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஊர்ப் பெயரன்று, அந்த எண்ணே. முதல் இலக்கம் மண்டலத்தையும் கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தையும் காட்டும். ஓர் இலக்கம் தவறினால் சேலத்துக்குப் போகவேண்டியது வேறெங்கோ சுற்றிவிட்டு வரும். வாங்குபவர் வாயால் சொன்னதை எழுதிக்கொள்ளாமல், அவரையே எழுதி அனுப்பச் சொல்வது உத்தமம்.

விவசாயப் பொருள்களை அனுப்புகிறவர்களுக்குத் தாமதம் இன்னும் கொடியது. மஞ்சள், மிளகு, சிறுதானியம், உலர்ந்த மிளகாய் போன்றவை இரண்டு நாள் கிடந்தாலும் கெடுவதில்லை. இவற்றுக்குப் பார்சல் மேசை முற்றிலும் ஏற்றது. வெல்லமும் கருப்பட்டியும் ஈரக்காற்றில் கசியும். மழைக்காலத்தில் இரட்டை உறை தேவை. எண்ணெயும் தேனும் அனுப்புவோர் புட்டியின் வாயை நன்கு அடைத்து, சுற்றிலும் மரத்தூளோ பஞ்சோ திணித்து, உடைந்தாலும் பிறர் பார்சலை நனைக்காதபடி கட்ட வேண்டும். அஞ்சலகத்தில் உள்ளே என்ன என்று கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். மாம்பழமும் வாழையும் தபாலுக்கு உரியனவல்ல. அவற்றை அன்றிரவே பஸ் பார்சலில் ஏற்றி, மறுநாள் காலை அவ்வூரிலேயே வாங்கிக்கொள்ளச் செய்வதே வழி. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளிலும் 2022-இல் பார்சல் ஏற்பாடு தொடங்கப்பட்டது. அங்கே யாரும் வீட்டுக்கு வருவதில்லை; நிலையத்தில் கொடுத்து நிலையத்தில் பெறுவது. வருவார் என்று காத்திருக்க வேண்டாததே அதன் பெருஞ் சௌகரியம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் முன்னோர் காலத்தில் வெளியூர் வியாபாரம் 'வி.பி.பி.' முறையை நம்பியே நடந்தது. 1877-இல் இந்தியத் தபாலில் புகுத்தப்பட்ட அம்முறையில், தபால்காரர் பொருளைக் கொடுத்துப் பணத்தை வாங்கி விற்பவருக்கு அனுப்பிவைப்பார். பழைய பத்திரிகை விளம்பரங்களில் அவ்வெழுத்துக்களைக் காணாத பக்கம் அரிது. பொருள் வந்ததும் பணம் கொடுப்பது வாங்குபவருக்கு இதமானது. விற்பவருக்கோ, தாமதமாகிப் போன பார்சலை அவர் வேண்டாம் என்று திருப்பிவிட்டால் போகக் கூலியும் வரக் கூலியும் நம் தலையில். புறப்படும் நாளே நிச்சயமில்லாத ஊரிலிருந்து அனுப்புகிறவர் முன்பணம் பெற்று அனுப்புவதே தக்கது. முழுப் பணம் தரத் தயங்குகிறவரிடம் பாதியாவது பெறுக.

புகார் செய்ய வேண்டி வந்தால் உடனே செய்க. தபால் துறையின் இலவசத் தொலைபேசி 1800 266 6868. இணையத்திலும் புகார் பதியலாம். புகாரில் கோபத்தைக் குறைத்து விவரத்தை நிறைக்க வேண்டும்: பொருளின் எண், பதிந்த தேதி, அஞ்சலகம், கடைசியாக எங்கே காட்டியது, வாங்குபவரின் பின்கோடு. எடுக்க வராத குறையாயின், எந்தெந்தத் தேதியில் எந்த நேரத்துக்கு வருவதாகச் செய்தி வந்தது, அப்போது பார்சல் தயாராக இருந்தது என்பவற்றைப் பதிவேட்டிலிருந்து எடுத்தெழுதுக. பட்டியலாக ஆறு தேதிகள் இருந்தால் மேலதிகாரி அதைப் படித்துப் பார்ப்பார். ஊர்க் கிளை அஞ்சலக ஊழியரை இதில் பகைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குக் கொடுத்த கருவியில் சிக்னல் இல்லாததும், அவருக்கு இரண்டாவது ஆள் இல்லாததும் அவருடைய குற்றமன்று. சங்கத்துப் பார்சல்களை அவரிடமே பதிந்தால் அவ்வலுவலகத்தின் வேலையளவு கூடும். அது அவருக்கும் நன்று. ஆகவே முதலில் அவரிடம் பேசி, எத்தனை மணிக்குள் எத்தனை பார்சல் கொண்டுவந்தால் அன்றைய பையில் சேரும் என்று கேட்டுக்கொண்டு, அதற்கேற்பச் சங்க மேசையின் நேரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அவரால் இயலாத அளவுக்குப் பெருகும்போது துணை அஞ்சலகத்துக்குப் போகலாம்.

தீபாவளிக்கு முந்தின மூன்று வாரங்களில் எல்லா வழிகளும் நெரிசலாகும். அதை அடுத்தே வடகிழக்குப் பருவமழை. சங்கங்கள் புரட்டாசி பிறந்ததும் 'பண்டிகைக்குப் போய்ச் சேர வேண்டியவற்றுக்குக் கடைசி நாள்' என்று ஒரு தேதியைக் குறித்துப் பலகையில் எழுதிவிட வேண்டும். வட மாநிலங்களுக்குப் போகிறவற்றுக்கு அத்தேதி, பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்னதாகவேனும் இருக்கட்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு வாரம் முன்பு. அத்தேதிக்குப் பிறகு வரும் உத்தரவுகளை ஏற்கும் அங்கத்தினர், பண்டிகைக்குப் பின்னரே கிடைக்கும் என்று வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லி, அவர் சம்மதம் பெற்றுக்கொண்டு, அதன் பிறகு பணம் வாங்குக.